கடைசித் துணி

நிர்வாணம் என்ற சொல்லைத் தமிழில் இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். ஒன்று, உடம்பில் துணி இல்லாத நிலை. இன்னொன்று, பௌத்தமும் சமணமும் பேசும் விடுதலை. வடமொழியில் அந்தச் சொல்லின் மூலப்பொருள் அணைந்துபோவது, விளக்கு அணைவதுபோல. துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நம்மிடம் வந்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. அம்மணம் என்ற சொல்லையும் அமணரோடு தொடர்புபடுத்திப் பேசுகிறவர்கள் உண்டு. விடுதலை தேடி வந்தவர்களைப் பார்த்தபோது நம் ஊர்க்காரர்கள் கண்ணில் முதலில் பட்டது அவர்கள் உடுத்தாமல் நின்றதுதான் போல.

நான் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறவன், வீடு சூளகிரியில். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 21ஆம் தேதிக்கு முன்னால் அலுவலகத்தில் யோகா தின மெயில் வரும். பாய் கொண்டு வரவும், தண்ணீர் பாட்டில் கொண்டு வரவும், தளர்வான உடை அணியவும். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு நண்பன் ஒருவன் சொன்னான்: "அமெரிக்காவுல துணியே இல்லாம கிளாஸ் எடுக்கறாங்க மச்சி. கேட்டா அதான் ஒரிஜினல் இந்தியன் முறைங்கறாங்க." எல்லாரும் சிரித்தோம். அந்த 'ஒரிஜினல்' என்ற வார்த்தை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. நிஜமாகவே அதுதான் பழைய முறையா என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, யோகத்துக்குத் துணி வேண்டுமா வேண்டாமா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று முன்னால் வந்து நின்றது. துணியைக் கழற்ற யாருக்கு அனுமதி இருந்தது?

*

வெளியாட்கள் கண்ணால் கண்டு எழுதியவற்றில் மிகப் பழையது கிரேக்கர்களுடையது. கிமு 326இல் அலெக்சாண்டர் தட்சசீலத்துக்கு வந்தபோது, அங்கிருந்த துறவிகளைப் பார்த்து வர ஒனெசிக்ரிட்டஸ் என்பவரை அனுப்பினார். அவர் எழுதியது ஸ்ட்ராபோவின் புவியியல் நூல் வழியாக நமக்குக் கிடைக்கிறது. நகரத்திலிருந்து மூன்று, மூன்றரை கிலோமீட்டர் தள்ளி 15 பேர் இருந்தார்கள். சிலர் நின்றபடி, சிலர் உட்கார்ந்தபடி, சிலர் படுத்தபடி. உடம்பில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வரை அசையவில்லை. மத்தியானத்தில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கக்கூட முடியாது, அவ்வளவு வெயில்.

அவர்களில் ஒருவர் பெயர் கலனோஸ். மேலங்கியும் அகலத் தொப்பியும் காலணியுமாக வந்து நின்ற கிரேக்கரைப் பார்த்து அவர் சிரித்தார். ஞானம் கேட்க வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதே கல்லில் வந்து படு என்றார். அவர்களில் மூத்தவரான மண்டனிஸ் கலனோஸைக் கண்டித்து, வந்தவரிடம் அன்பாகப் பேசினார். மூன்று மொழிபெயர்ப்பாளர்களைத் தாண்டி வருகிற பேச்சு சேற்றுக்குள்ளிருந்து தெளிந்த நீர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதுபோல என்றும் சொன்னார். அதாவது முதல் சந்திப்பிலேயே உள்ளுக்குள் இரண்டு கருத்து இருந்திருக்கிறது. துணியைக் கழற்றினால்தான் பேச்சு என்றார் ஒருவர். வந்தவன் உடுத்தியிருப்பது மற்றவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கிரேக்கர்கள் இவர்களுக்கு நிர்வாண ஞானிகள் என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். இவர்கள் எந்த மார்க்கத்தவர் என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

யோக நூல்கள் என்ன சொல்கின்றன? பதஞ்சலி ஆசனத்துக்கு வைக்கும் நிபந்தனை அது நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். சுத்தத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், அது முதிர்ந்தால் ஒருவருக்குத் தன் உடம்பின் மேலேயே ஒரு விலகல் வரும் என்கிறார். 15ஆம் நூற்றாண்டின் ஹடயோக பிரதீபிகை இன்னும் கைவேலையான நூல். பயிற்சிக்கான குடிலில் ஜன்னல் கூடாது, சாணி போட்டு மெழுகியிருக்க வேண்டும், என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்றெல்லாம் பட்டியல் போடும். அதே நூல், வேடம் தரிப்பதால் சித்தி வராது, பயிற்சியால்தான் வரும் என்றும் சொல்கிறது. துணியைக் கழற்றினால் ஆசனம் நன்றாக வரும் என்று இரண்டு நூல்களும் சொல்லவில்லை.

நம் பக்கத்து மைசூருக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவு. 19ஆம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதியில் 122 ஆசனங்களின் ஓவியங்கள் உண்டு. 1930களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனம் செய்யும் 1938ஆம் வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஓவியத்திலும் சரி, படத்திலும் சரி, இடுப்பில் ஒரு கோவணம் இருக்கிறது. நமக்குக் காணக் கிடைக்கிற ஆசனப் பயிற்சியின் உடை இந்தக் கோவணம்தான்.

*

அப்படியானால் அந்தக் கோவணத்தையும் விட்டவர்கள் எதற்காக விட்டார்கள்?

ராமகிருஷ்ணர் சொன்ன ஒரு கதை நம் ஊர்ப் பெரியவர்கள் வாயிலும் புழங்கும். ஒரு சாமியாரிடம் இருந்த சொத்து ஒரே ஒரு கோவணம். அதை எலி கடித்தது. எலிக்காகப் பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும், மாடு வந்தது. மாட்டுக்குத் தீவனம் வேண்டும், நிலம் வந்தது. கடைசியில் குடும்பமும் வந்து சேர்ந்தது. குரு திரும்பி வந்து இதெல்லாம் என்ன என்று கேட்டபோது, எல்லாம் ஒரு கோவணத்துக்காக என்றார் சாமியார்.

இந்தக் கதையைத் தத்துவமாக எழுதினால் அதுதான் திகம்பர சமணம். திக்கு என்றால் திசை, அம்பரம் என்றால் ஆடை. திகம்பர முனிவருக்கு வகுக்கப்பட்ட 28 ஒழுக்கங்களில் உடுத்தாமை ஒன்று. தலைமயிரைக் கையாலேயே பிடுங்கிக்கொள்வது, நின்றபடி உள்ளங்கையில் வாங்கி ஒருநாளைக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடுவது எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. கையில் வைத்துக்கொள்ள அனுமதி மயிற்பீலிக்கும் நீர்க் கமண்டலத்துக்கும் சுவடிக்கும்தான். துணி என்றால் அதைத் துவைக்க வேண்டும், காய வைக்க வேண்டும், கிழிந்தால் இன்னொன்று யாரிடமாவது கேட்க வேண்டும். உடுத்தாமை அவர்களுக்குச் சொத்துக் கணக்கின் கடைசி வரி.

சைவத்தில் இதே கணக்கு வேறு விதமாக வருகிறது. பெரியபுராணத்தின் அமர்நீதி நாயனார் பழையாறையைச் சேர்ந்த துணி வியாபாரி. அடியார்களுக்குக் கோவணம் தானம் செய்கிறவர். பிரம்மச்சாரி வேடத்தில் சிவன் வந்து ஒரு கோவணத்தை அவரிடம் கொடுத்து வைத்துவிட்டு, அதை மறைத்துவிடுகிறார். ஈடாகத் தராசில் என்ன வைத்தாலும் மறுதட்டில் இருக்கும் இன்னொரு கோவணத்துக்குச் சமமாகவில்லை. கடைசியில் நாயனாரும் மனைவியும் மகனும் தட்டில் ஏறிய பிறகுதான் நிகராகிறது. கதை சொல்லும் எடை எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு மனிதனிடம் மிஞ்சியிருக்கும் கடைசித் துணி, அவன் குடும்பத்தோடும் ஊரோடும் வைத்திருக்கும் மொத்த உறவின் கனம்.

*

இது ஏதோ வடக்கத்திக் கதை இல்லை. சூளகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தர்மபுரிதான் பழைய தகடூர். 9ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், வணிகக் குடும்பத்துச் சகோதரர்கள் அங்கே ஒரு சமணப் பள்ளி கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. மேற்கே 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போனால் சிரவணபெளகொளா. கங்க அரசின் அமைச்சர் சாமுண்டராயர் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பிய 57 அடி பாகுபலி அங்கே நிற்கிறார். காலடியில் அதைச் செய்வித்தவர் பெயர் கன்னடத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடை பெஞ்சில் பேசிக்கொள்ளும் எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தக் கல் அந்நியமாகத் தெரியாது.

பாகுபலி நிற்பது ஒரு யோக நிலை. காயோத்சர்க்கம் என்று பெயர், உடம்பைக் கைவிடுதல் என்று பொருள். அண்ணன் பரதனோடு சண்டையிட்டு, ஜெயித்து, ஜெயித்ததில் அருவருப்படைந்து, ஒரு வருஷம் அசையாமல் நின்றார் என்பது கதை. காலடியில் புற்று வளர்ந்தது, கைகால்களில் கொடி ஏறியது. இன்றைய நிர்வாண யோக வகுப்புகள் உன் உடம்பை ஏற்றுக்கொள், நேசி என்று சொல்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் பாகுபலி உடம்பை நேசிப்பதற்காகத் துணியைக் கழற்றவில்லை. அவர் துணியை விட்டது, உடம்பையும் விடப்போகிறோம் என்பதால். இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகிற வண்டிகள்.

தமிழ்நாட்டில் இந்த நிர்வாணம் பெரிய சண்டைக்கும் காரணமானது. 7ஆம் நூற்றாண்டின் தேவாரப் பதிகங்களில் சமணத் துறவிகளின் அம்மணம் மறுபடி மறுபடி கேலி செய்யப்படுகிறது. சம்பந்தருக்கு அது எதிரியின் அசிங்கம். சமணத்தில் இருந்து திரும்பியவரான அப்பருக்குச் சொந்த நினைவு. பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை அவரே பாடி நொந்துகொள்கிறார். அதே சைவம்தான் பிட்சாடனரையும் கொண்டாடியது. தாருகாவனத்தில் சிவன் உடுத்தாமல் பிச்சைக்கு வருகிறார், ரிஷிபத்தினிகள் மயங்கி வெளியே ஓடி வருகிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் திருவெண்காட்டுப் பிட்சாடனர் செப்புத் திருமேனியைத் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் பார்க்கலாம், சோழர் சிற்பத்தின் உச்சங்களில் ஒன்று. அமணரின் நிர்வாணத்துக்குக் கதவு சாத்தப்படுகிறது, ஆண்டவனின் நிர்வாணத்துக்குத் திறக்கிறது. துணி இல்லாத உடம்பு இரண்டிலும் ஒன்றுதான். யாருடையது என்பதுதான் வித்தியாசம்.

இந்த வரிசையில் யோகத்துக்கு மிக நெருக்கமான தமிழ்நாட்டு மனிதர் சதாசிவ பிரம்மேந்திரர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் காவிரிக்கரையில் வாழ்ந்தவர். யோக சூத்திரத்துக்கு யோகசுதாகரம் என்ற உரை எழுதியவர். அவர் கீர்த்தனைகளைக் கச்சேரிகளில் இன்றும் கேட்கிறோம். கரூர் பக்கத்தில் நெரூரில் சமாதி. பேச்சையும் உடையையும் விட்டுத் திரிந்தவர். அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று: ஒரு முஸ்லிம் பிரபுவின் கூடாரங்களுக்குள் தன்னினைவின்றி நடந்து போகிறார். அங்கே பெண்கள் இருக்கிறார்கள். கோபத்தில் பிரபு கையை வெட்டிவிடுகிறான். கை விழுந்ததுகூடத் தெரியாமல் இவர் நடந்துபோகிறார். பின்னாலேயே ஓடிய பிரபு காலில் விழுகிறான், கை மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

கதையின் நோக்கம் புரிகிறது. அவருக்கு உடம்பே இல்லை, அதனால் அம்மணமும் இல்லை. ஆனால் கூடாரத்துக்குள் இருந்த பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று கதையில் யாரும் கேட்கவில்லை. இப்படி நடந்துபோனவர் ஒரு பெண்ணாக இருந்தால் கதை எப்படி முடியும் என்றும் கேட்கவில்லை.

*

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டு வாதாடியவர்கள் சமணர்கள். திகம்பரர்களின் தர்க்கம் இப்படிப் போகிறது: முழுத் துறவுக்கு உடுத்தாமை கட்டாயம். பெண் உடுத்தாமல் இருக்க முடியாது. ஆகவே பெண்ணுக்குப் பெண்பிறவியில் மோட்சம் இல்லை, அடுத்து ஆணாகப் பிறந்து வர வேண்டும். தமிழ்ச் சமணர் மரபு வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்தும் குந்தகுந்தரின் பெயரிலுள்ள நூலிலேயே இந்த வாதம் இருக்கிறது. சுவேதாம்பரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 19ஆம் தீர்த்தங்கரர் மல்லி ஒரு பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. கர்நாடகத்தில் யாபனீயர் என்று மூன்றாவது பிரிவு ஒன்று இருந்தது. அவர்களின் முனிவர்கள் திகம்பரர் மாதிரியே உடுத்தாதவர்கள், ஆனால் பெண்ணுக்கும் மோட்சம் உண்டு என்றவர்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த சாகடாயனர் 9ஆம் நூற்றாண்டில் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். பற்று இல்லாமல் வைத்திருந்தால் மயிற்பீலி சொத்தாகாது அல்லவா, துணி மட்டும் எப்படிச் சொத்தாகும் என்ற வகையில் போகிறது அந்தப் பக்கத்து வாதம். யாபனீயர் இன்று இல்லை.

இந்த விவாதத்தில் எனக்கு உறுத்துவது நடுவில் இருக்கும் அந்த ஒரு வரி: பெண் உடுத்தாமல் இருக்க முடியாது. ஏன் முடியாது? உடம்பில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்கள் விடமாட்டார்கள், அவ்வளவுதான். ஊரின் குற்றம் அவளுடைய தகுதிக்குறைவாகப் பதிவாகிறது. மென்பொருளில் இப்படி ஒரு நிபந்தனை எழுதினால் பக்கத்து மேஜைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

12ஆம் நூற்றாண்டில் அதே கர்நாடகத்தில் ஒரு பெண் அதைச் செய்துகாட்டினார். சிவமொக்கா பக்கத்து உடுதடியில் பிறந்த அக்கமகாதேவி, அரசன் கௌசிகனின் மாளிகையை விட்டு வெளியேறும்போது துணியையும் விட்டுவிட்டு, நீண்ட கூந்தலோடு கல்யாணத்துக்கு நடந்தார். வீரசைவ மரபு சொல்வது இது: அங்கே அல்லமப் பிரபு அவரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். துணியை விட்டாயே, கூந்தலால் ஏன் மறைக்கிறாய்? உள்ளே கனியாமல் பழத்தின் தோல் நிறம் மாறாது, என் உடம்பைப் பார்த்து நீங்கள் சஞ்சலப்படக் கூடாது என்றுதான் என்ற பொருளில் அக்கா பதில் சொல்கிறார். சபை ஏற்றுக்கொள்கிறது. அக்கா ஸ்ரீசைலத்துக்குப் போகிறார்.

இந்தக் காட்சியைப் பலரும் அக்காவின் வெற்றியாகச் சொல்வார்கள். வெற்றிதான். ஆனால் தன் உடம்பைப் பற்றிய பதிலில்கூட அவர் பார்க்கிறவர்களின் சஞ்சலத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. பாகுபலியிடம் யாரும் இப்படிக் கேட்டதாகக் கதை இல்லை.

*

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதப்பட்டது. பொது இடத்தில் ஆபாசச் செயல் அதன் 294ஆம் பிரிவில் குற்றமானது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296. அதே ஆட்சியில் 1891இல், பம்பாய்க்குப் பக்கத்துத் தாணேயில் சார்லஸ் க்ராஃபோர்ட் என்ற மாவட்ட நீதிபதி நிர்வாணத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார். மொத்த உறுப்பினர் மூன்று பேர். இங்கிலாந்தில் இருந்த எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டருக்கு எழுதிய கடிதங்களால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. உலகின் முதல் நிர்வாணச் சங்கம் என்று இதைச் சொல்கிறார்கள். பகலில் சட்டம், ஓய்வில் சங்கம். அவருக்கு வேலிக்குள் ஒரு பங்களா இருந்தது.

வேலி இல்லாதவர்களின் கதை தெற்கே நடந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போடுவதற்காக அடி வாங்கிப் போராடி, 1859இல்தான் அரச அறிவிப்பில் அந்த உரிமையைப் பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. துறவி துணியை விடுவது புண்ணியமாக இருக்க வேண்டுமானால், முதலில் அவனுக்குத் துணி உரிமையாக இருந்திருக்க வேண்டும். இல்லாதவன் எதை விடுவான்? 1921 செப்டம்பர் 22இல் மதுரையில் காந்தி நான்கு முழத் துணிக்கு மாறியபோது, அந்த வித்தியாசம் தெரிந்துதான் மாறினார். வாங்க வழியில்லாதவர்களைப் பார்த்து எடுத்த முடிவு அது.

இன்றும் இந்தக் கணக்கு மாறவில்லை. 2016 ஆகஸ்டில் திகம்பர முனிவர் தருண் சாகர் ஹரியானா சட்டமன்றத்தில் உரையாற்றினார். அதைக் கேலி செய்தவர்கள்மேல் வழக்கு வந்தது. 2020 நவம்பரில் கோவா கடற்கரையில் உடுத்தாமல் ஓடிய நடிகர் மிலிந்த் சோமன் மேல் வழக்குப் பதிவானது. அதே வாரம் அங்கே ஓர் அணைக்கட்டில் எடுத்த படத்துக்காக நடிகை பூனம் பாண்டே கைதாகி ஜாமீனில் வந்தார். 2023 ஜூனில் ரெஹானா பாத்திமா வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், நிர்வாணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று சொன்னது. ஆணின் திறந்த மார்பைச் சாதாரணமாகப் பார்க்கும் நாம் பெண்ணுடையதை அப்படிப் பார்ப்பதில்லை என்றும் சுட்டிக்காட்டியது. குந்தகுந்தர் காலத்து நிபந்தனையின்மேல் ஒரு நீதிமன்றம் கை வைத்ததாக எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊர் நான்குவழிச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மனம் பிறழ்ந்தவர்கள் எங்கிருந்தோ வந்து இறங்கி, சிப்காட் பக்கமும் பாலத்தடியிலும் திரிவார்கள். சடைமுடியோடு துணி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு டீக்கடையில் டீ கொடுப்பார்கள். சிலர் சாமி என்று கும்பிடக்கூடச் செய்வார்கள். ஒரு பெண் அப்படி வந்தால் பத்து நிமிஷத்தில் யாராவது ஒரு நைட்டியைக் கொண்டு வந்து மாட்டிவிடுவார்கள். எங்கள் அவ்வாவும் ஒருமுறை தன் பழைய புடவையைக் கொண்டு போனாள். "அந்தாளை மட்டும் அப்படியே வுட்டுட்டியே அவ்வா" என்று கேட்டேன். "அவனை நைட்ல யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா" என்றாள்.

நான் படித்த அத்தனை வாதங்களிலும் இவ்வளவு நேரான வாக்கியம் இல்லை. பெண்ணுக்கு ஏன் முடியாது என்பதற்கான காரணம் அதில் இருக்கிறது. அது மோட்சத்தைப் பற்றியது இல்லை, ராத்திரியைப் பற்றியது.

ஆகவே என் நண்பனுக்கு இப்போது பதில் சொல்ல முடியும். அமெரிக்க வகுப்பில் நடப்பது பழைய இந்திய முறை இல்லை. கதவைச் சாத்தி, கட்டணம் கட்டி, தன்னைத் தானே பார்க்கக் கூசுகிற மனிதர்கள் அந்தக் கூச்சத்தைப் போக்கிக்கொள்ளச் செய்யும் ஒரு புதுப் பயிற்சி. அதற்கு அதன் நியாயம் உண்டு. அங்கே ஆணும் பெண்ணும் ஒரே அறையில் பத்திரமாக இருக்க முடிகிறது என்றால், திகம்பர மரபும் நம் சாலையும் தராத ஒன்றை அது தருகிறது. 'ஒரிஜினல்' என்ற சொல்லை மட்டும் அவர்கள் விட்டுவிடலாம்.

சிரவணபெளகொளா போகிறவர்கள் பாகுபலியின் மேல் ஏறும் அந்தக் கல்கொடியைக் கவனியுங்கள். தொடையைச் சுற்றி, கையைச் சுற்றித் தோள் பக்கம் வரை போகிறது. மறைக்க வேண்டும் என்று எந்த இடத்திலும் அது வளையவில்லை. திரும்பும் வழியில் ஏதாவது கடையில் அக்கமகாதேவி காலண்டர் தொங்கினால் அதையும் பாருங்கள். கூந்தல் முன்னாலும் பின்னாலும் விழுந்து அங்குலம் விடாமல் மூடியிருக்கும், இல்லையென்றால் வரைந்தவரே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டிருப்பார். 800 வருஷத்துக்கு முன்னால் அவர் விட்டுவிட்டுப் போன துணியை நாம் இன்னும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம்.